டாஸை ஏமாற்றி உள்ளே வந்த சிடி

டாஸ் என்ற மைக்ரோசாஃப்ட் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடிய 1990களின் கணினி ஒன்றில் சிடி டிரைவ் 'டி:' என்ற எழுத்தில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். டிஸ்க்கைச் சோதிக்க 'செக்டிஸ்க் டி:' என்ற கட்டளையைத் தட்டினால், நெட்வொர்க் டிரைவை செக்டிஸ்க் செய்ய முடியாது என்று பதில் வரும். அந்தக் கணினியில் நெட்வொர்க் கார்டே இருக்காது. பக்கத்து அறைக்குக்கூட ஒரு வயர் போயிருக்காது. டிரைவ் அதே பெட்டிக்குள், கைக்கெட்டும் தூரத்தில், விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் டாஸைப் பொறுத்தவரை அது எங்கோ இருக்கும் வேறொரு கணினியின் டிஸ்க்.

இது கோளாறு என்று அப்போது பலர் நினைத்தார்கள். கோளாறு இல்லை. டாஸை அப்படி நம்ப வைத்ததால்தான் சிடியே வேலை செய்தது. சிடி-ராமின் கதையைச் சொல்கிறவர்கள் லேசர், 650 எம்பி, 1எக்ஸ், 2எக்ஸ் என்று டிரைவின் கதையாகவே சொல்லிவிட்டுப் போவார்கள். டிரைவைத் தயாரிப்பது பெரிய பொறியியல்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கணினி வைத்திருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது டிரைவ் இல்லை. தன்னுடையது அல்லாத ஒரு டிஸ்க்கை அந்தக் கணினியின் ஆபரேட்டிங் சிஸ்டம் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதில்தான் எல்லா வில்லங்கமும் இருந்தது.

முதலில் அந்த டிஸ்க் என்ன தருகிறது என்று பார்த்துவிடலாம். பாட்டு சிடி 1982இல் விற்பனைக்கு வந்தது. அதே தட்டில் கணினித் தரவை வைக்கும் முறையை பிலிப்ஸும் சோனியும் 1983இல் 'மஞ்சள் புத்தகம்' என்ற வரையறையாக எழுதினார்கள். தட்டில் உள்ளது செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், நொடிக்கு 75 செக்டர் வேகத்தில் ஓடும். பாட்டு சிடியில் ஒரு செக்டருக்கு 2352 பைட் ஒலி. தரவு சிடியில் அதே 2352 பைட்டில் 2048 மட்டும்தான் நமக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி, 276 பைட், பிழை திருத்தத்துக்குப் போகிறது. பாட்டில் ஒரு துளி விட்டுப்போனால் முன்னும் பின்னும் பார்த்து ஒப்பேற்றிவிடலாம், காது கண்டுபிடிக்காது. ஒரு நிரலில் ஒரு பைட் மாறினால் நிரலே படுத்துவிடும். 75ஐ 2048ஆல் பெருக்கினால் நொடிக்கு 1,53,600 பைட். அதுதான் பிற்பாடு எல்லோரும் 1எக்ஸ் என்று சொன்ன 150 கேபி.

வேகம் குறைவு என்பதைவிட, தேடும் நேரம்தான் பெரிய தொல்லை. சிடியில் தடம் ஒரே சுருளாக உள்ளிருந்து வெளியே போகிறது. லேசருக்குக் கீழே தடம் எப்போதும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அதனால் உள்பக்கம் படிக்கும்போது தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று சுற்றும், வெளிப்பக்கம் போனால் 200க்கு இறங்கிவிடும். ஒரு கோப்பு உள்ளேயும் இன்னொன்று வெளியேயும் இருந்தால் லேசர் நகர்வது மட்டும் போதாது, மோட்டாரும் வேகத்தை மாற்றி நிதானத்துக்கு வர வேண்டும். 1990களின் தொடக்கத்தில் வந்த 'மல்டிமீடியா பிசி' தரவரையறை, தேடும் நேரம் ஒரு நொடிக்குள் இருந்தால் போதும் என்று சொன்னது. ஒரு நொடி! ஹார்டு டிஸ்க் அதே வேலையை நொடியில் நூற்றில் சில பங்கில் முடித்துக்கொண்டிருந்த காலம் அது. அதே வரையறை, 150 கேபி வேகத்தில் சிடியைப் படிக்கும்போது பிராசஸரில் 40 சதவீதத்துக்கு மேல் தின்றுவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டது. அப்படிக் கேட்க வேண்டிய நிலைமை இருந்தது.

சரி, டிரைவ் செக்டர் தருகிறது. எந்த செக்டரில் எந்தக் கோப்பு? மஞ்சள் புத்தகம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1985இல் குரோலியர் கலைக்களஞ்சியம் ஒரே சிடியாக வந்தது. டாஸுக்கு முந்தைய ஆபரேட்டிங் சிஸ்டமான சிபி/எம்மை எழுதிய கேரி கில்டாலின் நிறுவனம் செய்த வேலை அது. பல தொகுதிகள் கொண்ட அச்சுக் களஞ்சியத்தின் உரை முழுவதும் போட்ட பிறகும் தட்டில் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. ஆனால் அந்தத் தட்டை அதற்கென எழுதிய மென்பொருளால் மட்டும்தான் படிக்க முடியும். அன்று வந்த ஒவ்வொரு சிடியும் அப்படித்தான்: தட்டு ஒன்று, அதைத் திறக்கத் தனி மென்பொருள் ஒன்று. நூலகங்களுக்கு விற்கும்வரை அது பிரச்சினை இல்லை. வீட்டுக்கு விற்க வேண்டுமென்றால் கதை வேறு.

1985 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், டாஹோ ஏரி அருகே உள்ள ஹை சியரா என்ற ஹோட்டலில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், டிஇசி, ஹிட்டாச்சி, பிலிப்ஸ், சோனி, 3எம் போன்ற நிறுவனங்களின் ஆட்கள் கூடினார்கள். சூதாட்ட விடுதியும் சேர்ந்த ஹோட்டல் அது. 1986 மே மாதம் அவர்களுடைய முன்மொழிவு வெளியானது, ஹோட்டலின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. சின்னச் சின்னத் திருத்தங்களோடு அது 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற சர்வதேசத் தரவரையறை ஆனது. திருத்தங்களில் ஒன்று நேர மண்டலம்: கோப்பின் தேதியோடு கிரீன்விச் நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைக் கால் மணிக் கணக்கில் ஒரு பைட்டில் குறிக்கச் சேர்த்தார்கள். இந்தியாவின் ஐந்தரை மணி நேரம் அதில் 22 என்று அழகாக அடங்கிவிடுகிறது. அரை மணிக் கணக்குள்ள நாடுகளை யாரோ ஒருவர் மறக்காமல் இருந்திருக்கிறார்.

ஐஎஸ்ஓ 9660இன் உட்புறத்தைப் பார்த்தால் அதை எழுதியவர்களுக்கு டிரைவின் பலவீனம் அத்துபடி என்பது தெரிகிறது. ஒரு கோப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்க வேண்டியதில்லை, ஏனென்றால் தட்டு ஒரே முறை எழுதப்படுகிறது. ஆகவே டாஸ் டிஸ்க்குகளில் கோப்புகளின் இடத்தைக் குறித்துவைக்கும் ஃபேட் மாதிரி எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற அட்டவணையே கிடையாது. தொடங்கும் செக்டர், நீளம், அவ்வளவுதான். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிப் போனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு தேடல் ஆகும் என்பதால், எல்லா ஃபோல்டர்களின் இடத்தையும் ஒரே இடத்தில் தொகுத்த 'பாத் டேபிள்' ஒன்றும் வைத்தார்கள். அதை ஒரு முறை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டால் எவ்வளவு ஆழமான ஃபோல்டருக்கும் ஒரே தாவல்.

தட்டின் முதல் 16 செக்டர், அதாவது 32 கேபி, யாருக்கும் இல்லாமல் விடப்பட்டது. பதினாறாம் எண் செக்டரில்தான் தட்டின் ஜாதகம் தொடங்கும். அதில் 'சிடி001' என்ற ஐந்து எழுத்து அடையாளத்தைப் பார்த்ததும்தான் படிக்கும் மென்பொருளுக்கு இது நமக்குத் தெரிந்த தட்டு என்ற தைரியம் வரும்.

இன்னொரு சங்கதி, எண்கள். இன்டெல் சிப் ஒரு பெரிய எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைக்கும். பிசிக்குப் போட்டியாக இருந்த மேக்கிண்டாஷ், அமிகா, அட்டாரி எஸ்டி என்ற மூன்று கணினிகளிலும் இருந்த மோட்டரோலா 68000 சிப் முதல் பைட்டை முதலில் வைக்கும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் கோபித்துக்கொள்ளும். ஆகவே அரசுப் படிவத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடிப்பதுபோல, கோப்பின் இடம், நீளம் எல்லாவற்றையும் இரண்டு விதமாகவும் அடுத்தடுத்து எழுதிவிடுவது என்று முடிவானது. நியாயமான தீர்ப்பு. நடைமுறையில் என்ன ஆயிற்று? தட்டு தயாரிக்கும் மென்பொருள்கள் சில, மோட்டரோலா பக்கத்து எண்ணைத் தப்பும் தவறுமாக எழுதின. தயாரித்தவர்கள் பிசியில் போட்டுப் பார்த்தார்கள், ஓடியது, அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். லினக்ஸின் ஐஎஸ்ஓ நிரலில் இன்றும் ஒரு குறிப்பு இருக்கிறது: தட்டு தயாரிக்கும் மென்பொருள்கள் சரியில்லாததால் மோட்டரோலா வரிசை எண்ணைப் புறக்கணிக்கிறோம் என்று. தரவரையறையில் சமத்துவம் இருந்தது, சந்தையில் இன்டெல் இருந்தது.

இனி டாஸுக்கு வருவோம். டாஸில் ஃபேட் என்பது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகம் இல்லை, டாஸின் கருவோடு கலந்தது. புதிதாக ஒரு டிஸ்க்கைச் சேர்க்கிறவர் அதற்கு ஒரு 'பிளாக் டிரைவர்', அதாவது டாஸுக்கும் அந்த டிஸ்க்குக்கும் நடுவே பேசும் சிறு நிரல், எழுதலாம். அந்த டிரைவரிடம் டாஸ் செக்டர்களைக் கேட்கும், அந்த செக்டர்களில் ஃபேட் இருக்கும் என்று சந்தேகமில்லாமல் எடுத்துக்கொள்ளும். சிடியில் ஃபேட் இல்லை. இருந்திருந்தாலும் 1986இல் புழங்கிய டாஸ் 3ஆல் 32 எம்பிக்கு மேல் ஒரு டிரைவைப் பார்க்க முடியாது. 650 எம்பி தட்டை அப்படிப் பிரித்தால் இருபதுக்கும் மேல் டிரைவ் எழுத்து வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்டுக்கு சிடி மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 1986 மார்ச்சில் சியாட்டிலில் சிடி-ராமுக்கென்றே ஒரு மாநாடு நடத்தினார்கள். அதற்காக டாஸைத் திருத்தி எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தால், அவர்கள் பிடித்தது ஒரு சந்து. டாஸ் 3.1இல் நெட்வொர்க்குக்காக ஒரு வாசல் திறந்துவிட்டிருந்தார்கள். குறிப்பிட்ட டிரைவ் எழுத்து நெட்வொர்க்குடையது என்று குறித்துவிட்டால், அந்த எழுத்துக்கு வரும் 'கோப்பைத் திற', 'படி', 'அடுத்த பெயரைக் காட்டு' போன்ற கோரிக்கைகளை டாஸ் தானே கையாளாது. அப்படியே வேறொரு நிரலிடம் தள்ளிவிடும். மறுமுனையில் எந்த ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் எந்த முறை, இருக்கிறது என்ற கவலை டாஸுக்கு இல்லை, அது அந்தச் சர்வரின் பாடு. எம்எஸ்சிடெக்ஸ் என்ற சிறிய நிரல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நான்தான் நெட்வொர்க் என்றது. டாஸ் நம்பிவிட்டது.

இந்த ஒரு சமாளிப்பிலிருந்துதான் சிடியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நினைவிருக்கும் விசித்திரங்கள் அத்தனையும் கிளைத்தன. டிரைவருக்கு டாஸ் எழுத்து கொடுத்து ஃபேட் தேடிவிடக் கூடாதே? அதனால் சிடி டிரைவரை டிஸ்க் டிரைவராகவே பதியாமல், விசைப்பலகை, பிரின்டர் போன்றவை இருக்கும் 'கேரக்டர்' வகையில் பதிந்தார்கள். அந்த வகையில் எழுத்து கிடையாது, பெயர் உண்டு. கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் டிரைவரை ஏற்றும் வரியின் கடைசியில் '/டி:எம்எஸ்சிடி001' என்று ஒன்று இருக்குமே, அதுதான் அந்தப் பெயர். அடுத்துப் படிக்கும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் எம்எஸ்சிடெக்ஸை ஏற்றும் வரியிலும் அதே பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். எத்தனையோ பேர் அதை அர்த்தம் தெரியாமல் மந்திரம் மாதிரி ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தார்கள். ஓர் எழுத்து மாறினால் டிரைவ் காணாமல் போகும்.

நெட்வொர்க் எழுத்துகளுக்கு டாஸ் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும், அதுதான் 'லாஸ்ட்டிரைவ்' வரி. அதைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு எழுத்து போதவில்லை என்று திட்டு விழும். டாஸின் இந்த நெட்வொர்க் வாசல் வெளியாருக்கு முறையாக ஆவணப்படுத்தப்படாத ஒன்று. எம்எஸ்சிடெக்ஸ் டாஸின் உள்கட்டமைப்பைத் தொட்டு வேலை செய்தது, அது பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. எனவே தனக்குத் தெரியாத டாஸ் பதிப்பைக் கண்டால் ஓட மறுத்துவிடும். டாஸ் 5 வந்தபோது பழைய எம்எஸ்சிடெக்ஸ் வைத்திருந்தவர்கள் 'டாஸ் பதிப்பு தவறு' என்ற வரியைப் பார்த்துத் திகைத்தார்கள். தீர்வு இன்னொரு பொய்: செட்வெர் என்ற கட்டளையைக் கொண்டு, எம்எஸ்சிடெக்ஸ் கேட்டால் மட்டும் பழைய பதிப்பு எண்ணைச் சொல் என்று டாஸுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆக, எம்எஸ்சிடெக்ஸ் டாஸிடம் பொய் சொல்லும், டாஸ் எம்எஸ்சிடெக்ஸிடம் பொய் சொல்லும், சிடி ஓடும்.

நினைவகக் கதை தனி. டாஸ் நிரல்களுக்கு 640 கேபிதான் நிலம். டிரைவர் கொஞ்சம், எம்எஸ்சிடெக்ஸ் இன்னும் கொஞ்சம், சவுண்ட் கார்டு, மவுஸ் என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டால் சிடியில் வந்த விளையாட்டுக்கே இடம் இருக்காது. சிடியைப் படிக்க வேண்டிய மென்பொருள் சிடியில் உள்ளதை ஓட விடவில்லை! கொஞ்சத்தை மேல்நினைவகத்துக்குத் தள்ளுவது, டாஸ் 6இல் தொடக்கப் பட்டியல் வைத்து விளையாட்டுக்கு ஒரு வரிசை, வேலைக்கு ஒரு வரிசை என்று பிரிப்பது என்று மாலை நேரங்கள் இதிலேயே கழிந்தன. பிற்பாடு ஷ்சுசிடெக்ஸ் என்ற இலவச மாற்று வந்து அதே வேலையை எம்எஸ்சிடெக்ஸைவிட மிகக் குறைந்த இடத்தில் செய்து காட்டியது. எம்எஸ்சிடெக்ஸ் அவ்வளவு கொழுத்திருக்கத் தேவையில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

இதற்குக் கீழே வன்பொருள் குழப்பம் வேறு. 1990களின் முதல் சில ஆண்டுகளில் வீட்டு பிசிக்கு வந்த மலிவான சிடி டிரைவ்கள் ஹார்டு டிஸ்க் கேபிளில் மாட்டவில்லை, சவுண்ட் கார்டில் மாட்டின. சோனிக்கு ஒரு இணைப்பு, மிட்சுமிக்கு ஒன்று, பானசோனிக்குக்கு ஒன்று. கிரியேட்டிவ் நிறுவனம் மூன்று இணைப்பையும் ஒரே சவுண்ட் கார்டில் வைத்து விற்றது. பானசோனிக் கேபிளுக்கு 40 முனை, ஐடிஇ ஹார்டு டிஸ்க் கேபிளுக்கும் 40 முனை. ஒன்றில் மற்றது கச்சிதமாகப் பொருந்தும், வேலை மட்டும் செய்யாது. 1994 வாக்கில் அட்டாபி முறை பரவி, சிடி டிரைவும் ஐடிஇ கேபிளிலேயே மாட்டும் நிலை வந்த பிறகுதான் இந்தக் கூத்து அடங்கியது.

இதே காலத்தில் அமிகாவில் நடந்தது முற்றிலும் வேறு கதை, எனக்கு அதுதான் இந்த விஷயத்தில் பிடித்த பகுதி. அமிகாவின் டிஸ்க் மென்பொருளுக்கு மூலம் டிரைபோஸ், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆபரேட்டிங் சிஸ்டம். அதில் ஃபைல் சிஸ்டம் என்பது தனியாக ஓடும் ஒரு நிரல், 'ஹேண்ட்லர்' என்பார்கள். கோப்பைத் திற, இத்தனை பைட் படி என்பதெல்லாம் அதற்கு வரும் செய்திகள். அமிகாவின் சொந்த ஃபிளாப்பிக்கு ஒரு ஹேண்ட்லர், ரேம் டிஸ்க்குக்கு ஒன்று, பிசி ஃபிளாப்பியைப் படிக்கும் கிராஸ்டாஸ் இன்னொன்று. ஆக சிடி வந்தபோது யாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐஎஸ்ஓ 9660 தெரிந்த ஒரு ஹேண்ட்லரை எழுதி, 'எல்' ஃபோல்டரில் போட்டால் முடிந்தது.

இணைப்பது எப்படி என்று கிட்டத்தில் பார்ப்போம். அமிகாவின் சிஸ்டம் மென்பொருளான ஒர்க்பெஞ்சில் 2.1ஆம் பதிப்பு முதல் 'டாஸ்டிரைவர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் 'சிடி0' என்ற சின்ன உரைக் கோப்பு. அதற்குள் சில வரிகள்: ஃபைல் சிஸ்டம் எங்கே, எந்த டிவைஸ், எத்தனையாவது யூனிட், எவ்வளவு பஃபர். டிவைஸ் என்பது வன்பொருளைத் தெரிந்த டிரைவர், அதற்கு ஐஎஸ்ஓ என்றால் என்னவென்று தெரியாது. ஃபைல் சிஸ்டத்துக்கு ஐஎஸ்ஓ தெரியும், வயர் எங்கே போகிறது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துவைப்பது அந்த உரைக் கோப்பு. அதில் 'குளோப்வெக் = -1' என்று ஒரு வரி வரும். டிரைபோஸ் பிசிபிஎல் மொழியில் எழுதப்பட்டது, அந்த மொழி நிரல்களுக்குப் பொதுவான ஒரு அட்டவணை தேவை. இந்த நிரல் பிசிபிஎல் இல்லை, அந்த அட்டவணையைத் தயார் செய்யாதே என்பதுதான் அந்த -1. அமிகாவின் பூர்வீகம் ஒரு வரியில் எட்டிப் பார்க்கிறது. கோப்பை மவுஸால் இரண்டு தட்டு தட்டினால் போதும், கணினியை மறுபடி தொடங்க வேண்டாம். தட்டைப் போட்டதும் அதன் பெயரோடு ஒரு படம் திரையில் வந்து நிற்கும்.

இந்த வசதியை அமிகாவைத் தயாரித்த கமோடோர் நிறுவனம் தானே பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாமல் போனது இன்னொரு சோகம். 1991இல் சிடிடிவி வந்தது: அமிகா 500இன் உள்ளுறுப்புகள், சிடி டிரைவ், கையில் ரிமோட், வரவேற்பறைக்குப் பொருந்தும் கறுப்புப் பெட்டி, விலை 999 டாலர். சிடி ஃபைல் சிஸ்டம் பெட்டிக்குள் நிரந்தரமாகப் பதித்த ராம் சிப்பிலேயே இருந்தது. ஆனால் தட்டில் 'சிடிடிவி.டிஎம்' என்ற வணிகமுத்திரைக் கோப்பு இல்லையென்றால் அந்தத் தட்டிலிருந்து கணினி தொடங்காது. 1992இல் அமிகா 500இன் பக்கவாட்டில் மாட்டும் ஏ570 டிரைவ், தட்டை முதலில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையோடு உள்ளே தள்ள வேண்டிய ரகம். 1993இல் இரட்டை வேக டிரைவோடு சிடி32 விளையாட்டுப் பெட்டி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கமோடோரே கலைப்புக்குப் போய்விட்டது.

நிறுவனம் போன பிறகுதான் அமிகாவில் சிடி உண்மையில் பரவியது என்று சொல்வேன். பிசிக்காக மலிவாக விற்ற, ஸ்கஸி என்ற இன்னொரு இணைப்பு முறையிலோ அட்டாபியிலோ மாட்டும் டிரைவ்களை வாங்கி மாட்டத் தொடங்கினார்கள். ஃபிராங்க் மங்கெர்ட் எழுதிய அமிசிடிராம் சோர்ஸ் கோடுடன் இலவசமாகக் கிடைத்தது. கனடாவின் அசிம்வேர் அசிம்சிடிஎஃப்எஸ் என்ற ஒன்றை விலைக்கு விற்றது. எலாபரேட் பைட்ஸின் கேஷ்சிடிஎஃப்எஸ் வேகத்துக்குப் பெயர் வாங்கியது. அதே நிறுவனம்தான் பிற்பாடு விண்டோஸில் குளோன்சிடி வெளியிட்டது. ஒரே டிரைவுக்கு மூன்று ஃபைல் சிஸ்டத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, எது நன்றாக ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். டாஸில் இந்தப் பேச்சுக்கே பெரிதாக இடமில்லை.

அதற்காக அமிகாவில் எல்லாம் தேன் என்று நினைத்துவிட வேண்டாம். அமிகா 1200இன் உள்ளே இருந்த ஐடிஇ இணைப்புக்கான டிரைவரின் பெயர் 'ஸ்கஸி.டிவைஸ்', ஐடிஇக்கு ஏன் ஸ்கஸி பெயர் என்று கேட்கக் கூடாது. அதற்கு அட்டாபி தெரியாது. ஆகவே ஃபைல் சிஸ்டம் தயாராக இருந்தும் டிரைவரைச் சரிக்கட்ட வேறொரு மென்பொருள் வாங்க வேண்டும். இல்லையென்றால் பிசிஎம்சிஐஏ என்ற அட்டை இடுக்கில் மாட்டும் ஹைசாஃப்ட்டின் ஸ்குவிரல் மாதிரி ஒரு ஸ்கஸி கருவி.

அட்டாரி எஸ்டியின் பக்கம் நிலைமை மந்தம். குரோலியர் தட்டை வைத்து 1985லேயே சிடி டிரைவ் காட்டிய நிறுவனம், அதைக் கடைக்குக் கொண்டுவர ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. மெட்டாடாஸ் என்ற அவர்களுடைய மென்பொருளும் வன்பொருள் டிரைவர் வேறு, ஃபைல் சிஸ்டம் வேறு என்று அழகாகப் பிரித்திருந்தது. வாங்கத்தான் ஆள் குறைவு. ஆப்பிள் 1988இல் ஆப்பிள்சிடி எஸ்சி வெளியிட்டது. எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரில் 'ஃபாரின் ஃபைல் ஆக்சஸ்' என்று ஒரு கோப்பு, அதன் கீழ் ஹை சியராவுக்கு ஒன்று, ஐஎஸ்ஓவுக்கு ஒன்று, பாட்டு சிடிக்கு ஒன்று. கோப்புப் பெயர்களின் வாலில் ';1' என்று ஐஎஸ்ஓவின் பதிப்பு எண் அப்படியே தொங்கும், ஆப்பிள் போன்ற அழகு பார்க்கும் நிறுவனம் அதை எப்படிப் பொறுத்துக்கொண்டதோ. ஆனால் மேக்கில்தான் ஒரு கெட்டிக்காரத்தனம் பிறந்தது. ஐஎஸ்ஓ காலியாக விட்ட அந்த 32 கேபி இருக்கிறதே, அதில் மேக்கின் பார்ட்டிஷன் அட்டவணையை வைத்தார்கள். மேக் அதைப் படித்துத் தன் சொந்த ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் வழியாகப் போகும், பிசி பதினாறாம் செக்டருக்குப் போய் ஐஎஸ்ஓ வழியாக வரும். இரண்டு பட்டியலும் ஒரே தரவைச் சுட்டலாம். ஒரே தட்டில் 'மேக்/பிசி' என்று அச்சடித்து விற்றதெல்லாம் இந்த வழியில்தான்.

பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஐஎஸ்ஓவின் முதல் நிலை டாஸுக்காகவே அளவெடுத்தது: எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து, ஃபோல்டர் ஆழம் எட்டு. அமிகாவில் ஒவ்வொரு நிரலுக்கும் படம் தரும் கோப்பு '.இன்ஃபோ' என்று முடியும், புள்ளிக்குப் பின் நான்கு எழுத்து. அங்கேயே விதி உடைகிறது. அமிகாவுக்கென வந்த தட்டுகள் பலவும் விதியைக் கண்டுகொள்ளாமல் நீளப் பெயர்களையும் சிறிய எழுத்துகளையும் எழுதின, அமிகாவின் ஹேண்ட்லர்களும் கேள்வி கேட்கவில்லை. யூனிக்ஸ்காரர்கள் முறையான வழி தேடினார்கள். ஒவ்வொரு கோப்புப் பதிவின் முடிவிலும் ஐஎஸ்ஓ விட்டுவைத்த இடத்தில் உண்மைப் பெயரையும் அனுமதிகளையும் இரண்டெழுத்துக் குறியோடு ஒளித்துவைத்தார்கள், அது ராக் ரிட்ஜ். பின்னர் 'ஏஎஸ்' என்ற குறியில் அமிகாவின் பாதுகாப்பு அமைப்புகளும் கோப்புக் குறிப்புகளும் அங்கேயே குடியேறின.

மைக்ரோசாஃப்ட் 1995இல் ஜோலியட் என்று வேறு வழி எடுத்தது. தட்டில் இரண்டாவதாக ஒரு முழுப் பட்டியல், அதில் 64 எழுத்து வரை யூனிகோட் பெயர். டாஸ் பழைய பட்டியலைப் பார்க்கும், விண்டோஸ் 95 புதியதைப் பார்க்கும். யூனிகோடில் தமிழ் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே இருந்தது. எனவே ஜோலியட் வந்த நாளிலிருந்தே ஒரு சிடியில் தமிழ்க் கோப்புப் பெயரை எழுத இடம் இருந்தது என்று சொல்லலாம். அதைத் திரையில் காட்ட விண்டோஸ் 95க்குத் தெரியாது, விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விண்டோஸ் 95 ஒருவழியாக சிடிஎஃப்எஸ் என்ற முறையான ஃபைல் சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. நெட்வொர்க் வேஷம் தேவையில்லை, 640 கேபியிலும் கை வைக்காது. ஆனால் விண்டோஸே சிடியில்தான் வந்தது. அதை நிறுவ சிடியைப் படிக்க வேண்டும், சிடியைப் படிக்கும் மென்பொருள் விண்டோஸுக்குள் இருக்கிறது. ஆகவே நிறுவும் வரைக்கும் பழையபடி ஃபிளாப்பி, டிரைவர், எம்எஸ்சிடெக்ஸ். சிடியிலிருந்தே கணினியைத் தொடங்கும் எல் டொரிட்டோ முறையை ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995இல் வரையறுத்தார்கள். அது பெரும்பாலும் செய்தது என்ன தெரியுமா? சிடியில் இருக்கும் ஒரு ஃபிளாப்பியின் நகலை எடுத்து, இதுதான் ஏ: டிரைவ் என்று, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் டாஸிடம் சொல்லும். டாஸ் நம்பித் தொடங்கும். தொடங்கிய பிறகு அதே தட்டின் மிச்ச 600 எம்பியைப் பார்க்க அந்த டாஸுக்கு மறுபடியும் எம்எஸ்சிடெக்ஸ் வேண்டும்.

விண்டோஸ் 98 தன் தொடக்க ஃபிளாப்பியில் ஓக்சிடிராம் என்ற பொது அட்டாபி டிரைவரைச் சேர்த்துக் கொடுத்ததால், எந்த நிறுவனத்து டிரைவ் என்று தேட வேண்டிய பாடு குறைந்தது. 'சிடி-ராம் ஆதரவோடு தொடங்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் தானே ஏறும். ஆனால் அந்த ஃபிளாப்பி தன் கருவிகளை விரித்துவைக்க ரேமில் ஒரு சின்ன டிஸ்க்கை உருவாக்கும், டி: என்ற எழுத்தை அது எடுத்துக்கொள்ளும், சிடி இ:க்குத் தள்ளப்படும். பழக்கத்தில் டி:க்குப் போய் செட்டப் என்று தட்டி, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்ற பதிலைப் பார்த்து, சிடியில் ஏதோ கீறல் என்று துணியால் துடைத்தவர்கள் ஏராளம்.